அளவுள்ள ஆட்சேபணை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கி நகரை ஒட்டிய புறநகர் நியூ பெர்லின். புனிதர்கள் கான்ஸ்டன்டைன், ஹெலன் பெயரால் அமைந்த கிரேக்க மரபுவழித் திருச்சபை ஒன்று, பழைய ஆலயத்தில் இடம் போதாமல் 2002-இல் அங்கே 40 ஏக்கர் நிலம் வாங்கியது. குடியிருப்பு மண்டலத்தில் இருந்த நிலம் அது. ஆலயம் கட்டுவதற்காக அதில் 14 ஏக்கரை நிறுவன மண்டலமாக மாற்றித் தரும்படி சபை விண்ணப்பித்தது. நம்மூர் அலுவலக மொழியில் சொன்னால், நில உபயோக மாற்றம். நகரத் திட்ட அலுவலர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மாற்றிக் கொடுத்த பிறகு சபையால் பணம் திரட்ட முடியாமல் போய், நிலம் கைமாறி, அங்கே பள்ளிக்கூடமோ முதியோர் இல்லமோ எழுந்துவிட்டால் என்ன செய்வது? நியாயமான சந்தேகம்தான். அதற்கான தீர்வையும் சபையே கொண்டுவந்தது. ஆலயமும் அதைச் சார்ந்தவையும் தவிர வேறெதுவும் அந்த நிலத்தில் வரக் கூடாது என்று ஒரு கூடுதல் கட்டுப்பாட்டை நிலத்தின் மேலேயே விதித்துவிடுங்கள், நாளை வாங்குகிறவரையும் அது கட்டுப்படுத்தட்டும் என்றது. திட்டத் துறை ஏற்றுக்கொண்டு பரிந்துரைத்தது. நகர மன்றம் மறுத்துவிட்டது. வேண்டுமானால் நிபந்தனை அனுமதி கேட்டு வாருங்கள் என்றது. ஓராண்டுக்குள் கட்டுமானத்தைத் தொடங்காவிட்டால் காலாவதியாகிவிடும் அனுமதி அது. சபை திரட்ட வேண்டியிருந்ததோ 1.2 கோடி டாலர், அதுவும் சபையாரின் காணிக்கையிலிருந்து.

வழக்கைக் கேட்ட முதல் நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் எழுதிய தீர்ப்பு அதை மாற்றியது. சபை வேறு இடம் பார்த்துக்கொள்ளலாமே என்ற கேள்விக்கு அவர் விடை எளிமையானது: முடிவு தெரியாமல் இடம் தேடிக்கொண்டும் விண்ணப்பித்துக்கொண்டும் இருக்க வைப்பதில் உள்ள தாமதமும் செலவும் நிச்சயமின்மையும் சேர்ந்தால் அதுவே ஒரு பாரம். நகர மன்றத்தாருக்கு இந்தச் சபையின் மேல் வெறுப்பு இருந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்றும் அவர் கருதினார். என்னைச் சிந்திக்க வைத்தது இந்தக் கருத்துதான். திட்டக் குழு உறுப்பினர் ஒருவரின் மனத்தைத் திறந்து பார்க்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. உங்கள் ஆட்கள் இங்கே வர வேண்டாம் என்று யாரும் தீர்மானத்தில் எழுதி வைப்பதில்லை. போக்குவரத்து நெரிசல் என்றுதான் எழுதுவார்கள். போக்குவரத்து நெரிசல் உண்மையாகவே இருக்கவும் கூடும். அப்படியானால் மெய்யான ஆட்சேபணையையும் ஒப்புக்குச் சொல்லும் ஆட்சேபணையையும் எதை வைத்துப் பிரிப்பது? சொல்பவரின் நோக்கத்தைத் தோண்டுவதை விட்டுவிட்டு, சொல்லப்பட்ட ஆட்சேபணையின் வடிவத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். நிலத்தைப் பற்றிய ஆட்சேபணைக்கு அளவு உண்டு: இத்தனை கார், இத்தனை அடி உயரம், இத்தனை கன அடி மழைநீர். அளவு இருப்பதால் அது எந்தப் புள்ளியில் தீரும் என்பதையும் சொல்ல முடியும். ஆட்களைப் பற்றிய ஆட்சேபணைக்கு அப்படி ஒரு புள்ளி கிடையாது. எதைக் கொடுத்தாலும் தீராது.

ஆய்வே தேவையில்லை என்று சொல்ல நான் வரவில்லை. மனை வரைபடத்தை மேசையில் விரித்துப் பார்த்தால் ஓர் ஆலயம் எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரியும். கார் நிறுத்துமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ஊர்கள் பலவற்றில் மூன்று அல்லது நான்கு இருக்கைக்கு ஒரு கார் என்பது கணக்கு. ஆலயத்தில் தனித்தனி நாற்காலி இல்லை, நீள பெஞ்சுதான். ஆகவே பெஞ்சின் நீளத்தை ஆளுக்கு 18 முதல் 24 அங்குலம் என்று வகுத்து இருக்கைகளை எண்ணுகிறார்கள். 20 அடி நீளத்தில் 40 பெஞ்சுகள் உள்ள ஒரு கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 24 அங்குலம் என்றால் 400 பேர். நான்கு பேருக்கு ஒரு கார் என்றால் 100 கார். அதே கூடத்தில் ஆளுக்கு 18 அங்குலம் என்று வைத்தால் 520 பேர். மூன்று பேருக்கு ஒன்று என்றால் 173 கார். ஒரு காருக்கு, அது திரும்பி வெளியேறும் வழியையும் சேர்த்து, குறைந்தது 300 சதுர அடி வேண்டும். இரண்டு கணக்குக்கும் இடையிலுள்ள 73 கார் அரை ஏக்கர் தார்ப்பரப்பாகிறது. அந்த அரை ஏக்கரில் விழும் மழை மண்ணில் இறங்காமல் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கு ஓடும். அதைத் தேக்க ஒரு குட்டை வெட்ட வேண்டும். குட்டைக்கு இடம் விட்டால் கட்டடம் எல்லைக்கோட்டை நெருங்கும். நெருங்கினால் பக்க இடைவெளி விதி குறுக்கே நிற்கும். வளைவில் வாசல் வைத்தால் எதிரே வரும் வண்டி தெரியாது. விளக்குக் கம்பத்தின் வெளிச்சம் எதிர்வீட்டுப் படுக்கையறை ஜன்னலில் விழும். இவற்றையெல்லாம் கேட்காத திட்டக் குழு தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் பொருள். பெஞ்சில் ஆளுக்கு ஆறு அங்குலம் கூட்டிக் குறைப்பதில் ஒரு சபையின் மனை போதுமா போதாதா என்பதே தீர்ந்துவிடுகிறது. அந்த ஆறு அங்குலத்தை யார், எப்போது முடிவு செய்தார்கள் என்ற கேள்வி அதனால்தான் முக்கியமாகிறது.

தேவாலயம் இப்படியொரு திட்டச் சிக்கலாக மாறியது நெடுங்காலச் செய்தி அல்ல. நியூயார்க் நகரம் தன் முதல் மண்டல விதிகளை 1916-இல் கொண்டுவந்தது. ஊரை மண்டலங்களாகப் பிரிக்கும் அதிகாரம் ஊராட்சிகளுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1926-இல் யூக்ளிட் வழக்கில் ஏற்றது. அந்தக் காலத்து விதிகளில் தேவாலயம் பொதுவாக வீட்டுக்கு அடுத்த வீடாகவே கருதப்பட்டது; குடியிருப்புப் பகுதியில் தனி அனுமதியின்றி எழ அதற்கு இடம் இருந்தது. சபையார் நடந்து வந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்கள் பரந்தன, கார் வந்தது, சபைகள் பெருத்தன. ஞாயிறு ஆராதனையோடு நிற்காமல் குழந்தைகள் காப்பகம், சமையற்கூடம், விளையாட்டரங்கம் என்று வாரம் முழுவதும் இயங்கும் வளாகங்கள் தோன்றின. ஊர்களும் விதிகளை மாற்றின. தானாகக் கிடைத்த உரிமை, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பார்த்துத் தரும் சிறப்பு அனுமதியாயிற்று. குடியிருப்பு மண்டலத்தில் கேட்டால் நெரிசல் என்றார்கள். வணிக மண்டலத்தில் கேட்டால், தேவாலயத்துக்குச் சொத்துவரி இல்லை, கடை வந்தால் வரி வரும் என்றார்கள். விதி இருந்த இடத்தில் விருப்புரிமை வந்து உட்கார்ந்தது. விருப்புரிமை யார் மேல் அதிகம் விழுந்தது என்பதற்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் 1990-களில் வைக்கப்பட்ட ஒரு சான்று உண்டு. மக்கள்தொகையில் 9 விழுக்காட்டுக்கும் குறைவான சிறுபான்மை மதத்தினர், வழிபாட்டுக் கட்டடத்துக்கு இடம் கேட்டு நடந்த வழக்குகளில் ஏறத்தாழ பாதியில் வழக்காளிகளாக இருந்தார்கள். நீதிமன்றம் வரை போன வழக்குகளின் எண்ணிக்கைதான் இது. மறுக்கப்பட்ட எல்லா விண்ணப்பங்களையும் காட்டுவதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் 9-க்கும் 50-க்கும் இடையிலுள்ள தூரம் தற்செயலாக விளைந்தது என்று நம்புவது கடினம்.

இந்தச் சான்றுகளின் மேல்தான் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் எழுந்தது. வழிபாட்டு இடங்களின் நிலப்பயன்பாட்டையும் சிறைவாசிகளின் வழிபாட்டு உரிமையையும் சேர்த்துக் காக்கும் சட்டம் அது, ஆர்.எல்.யு.ஐ.பி.ஏ. என்று எழுத்துச் சுருக்கத்தில் சொல்வார்கள். இரு அவைகளிலும் எதிர்ப்பின்றி நிறைவேறி, செப்டம்பர் 22 அன்று அதிபர் கிளின்டனின் கையொப்பம் பெற்றது. மதத்தின் மேல் கணிசமான பாரம் ஏற்றுவதானால் அரசுக்கு மிக வலுவான காரணம் வேண்டும், வழிபாட்டு இடத்தை மதம் சாராத கூடங்களைவிடத் தாழ்வாக நடத்தக் கூடாது, ஓர் ஊரிலிருந்து வழிபாட்டு இடங்களை முற்றாக விலக்கி வைக்கக் கூடாது என்பவை அதன் சாரம். எல்லா மதத்துக்கும் பொதுவானது. புறநகர்களில் கோயில் எழுப்பும் தமிழர்களும் இதே குழுக்களின் முன்தான் போய் நிற்கிறார்கள், இதே சட்டம்தான் அவர்களுக்கும் துணை. சட்டத்தின் நோக்கம் தேவாலயங்களை மட்டும் காப்பதன்று என்பதால், என் வாதத்துக்குக் கூர்மையான சான்றுகள் இரண்டை ஒரு குருத்வாராவிலிருந்தும் ஒரு பள்ளிவாசலிலிருந்தும் எடுக்கிறேன்.

கலிபோர்னியாவின் யூபா சிட்டி பகுதியில் சீக்கியக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. குரு நானக் சீக்கிய சங்கம் 2001-இல் அங்கே இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான ஒரு மனையில், ஒரே நேரத்தில் 75 பேருக்கு மிகாமல் கூடும் குருத்வாரா கட்ட அனுமதி கேட்டது. குடியிருப்பு மண்டலம். அலுவலர்கள் பரிந்துரைத்தும் திட்டக் குழு ஒருமனதாக மறுத்தது: சத்தம், போக்குவரத்து, அண்டைவீட்டாருக்கு இடைஞ்சல். சங்கம் அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டு, அண்டைவீடுகளே நெருங்கியில்லாத வேளாண் மண்டலத்தில் 28.79 ஏக்கர் வாங்கியது. அங்கிருந்த வீட்டையே குருத்வாராவாக மாற்றித் தரும்படி கேட்டது. பக்கத்துப் பண்ணைகளில் மருந்து தெளிப்பதற்கு இடைஞ்சல் இல்லாதபடி எல்லையில் இடைவெளி விட வேண்டும், திறந்தவெளியில் சடங்குகள் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளை அலுவலர்கள் விதித்தார்கள். சங்கம் ஒவ்வொன்றையும் ஒப்புக்கொண்டது. திட்டக் குழு 4-க்கு 3 என்று அனுமதித்தது. மேற்பார்வையாளர் மன்றம் 4-க்கு 0 என்று அதை ரத்து செய்தது. ஊருக்கு இவ்வளவு தள்ளி, வயல்களுக்கு நடுவில் ஒரு கட்டடம் தாவி எழுவது முறையான வளர்ச்சி ஆகாது என்பது இப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வீடுகளுக்குப் பக்கத்தில் என்றால் மிகவும் பக்கம். தள்ளிப் போனால் மிகவும் தூரம். 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு மறுப்புகளையும் சேர்த்துப் பார்த்தது. இந்தக் காரணங்களை அந்த மாவட்டத்தின் எந்த மூலைக்கும் பொருத்தலாம், ஒப்புக்கொண்ட நிபந்தனைகள் ஏன் போதவில்லை என்பதற்கு விளக்கமும் இல்லை என்று கண்டு சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தனியே எடுத்தால் ஒவ்வொரு மறுப்பும் நியாயமாகவே தோன்றும். அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் அளவில்லாத ஆட்சேபணை வெளிச்சத்துக்கு வருகிறது.

நியூஜெர்சியின் பெர்னார்ட்ஸ் ஊராட்சியில் நடந்தது இதைவிட நுட்பமானது. அங்கே எண் இருந்தது, ஆனால் அது ஓரிடத்தில் நிற்கவில்லை. பாஸ்கிங் ரிட்ஜ் இஸ்லாமியச் சங்கம் 150 பேர் தொழும் பள்ளிவாசலுக்கு விண்ணப்பித்தது. ஊரின் விதியில் தேவாலயங்களுக்கு எழுதியிருந்த கணக்கு மூன்று பேருக்கு ஒரு கார். 150-ஐ மூன்றால் வகுத்து 50 இடங்களைச் சங்கம் வரைபடத்தில் காட்டியது. அந்தக் கணக்கு தேவாலயத்துக்கு உரியது, பள்ளிவாசலுக்குப் பொருந்தாது என்றது திட்டக் குழு. கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக ஒரே காரில் வருவார்கள். முஸ்லிம்கள் வெள்ளி நண்பகலில் வேலையிடத்திலிருந்து ஆளுக்கொரு காரில் வருவார்கள் என்பது வாதம். 107 இடங்கள் வேண்டும் என்றார்கள். கார் நிறுத்துமிடம் இரட்டிப்பானதும் வடிகால் கணக்கு மாறியது, எல்லையோரத்துப் பசுமை இடைவெளி குறைந்தது, தீயணைப்பு வண்டிக்கான வழி குறுகியது. இந்தக் குறைகளே பிறகு மறுப்புக்கான காரணங்களாக வந்து நின்றன. ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் 39 பொதுக் கூட்டங்கள் நடந்தன. வெள்ளித் தொழுகைக்கு ஆளுக்கொரு காரில் வருவது உண்மையாக இருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. பிழை அதற்கு முன்பே நேர்ந்துவிட்டது. எந்த மதத்தார் எப்படி வருகிறார்கள் என்று அந்த ஊர் அதற்குமுன் வந்த எந்த ஆலயத்தையும் கேட்டதில்லை. எழுதியிருந்த அளவுகோல் ஒருவர் வந்ததும் நீண்டது. 2016 டிசம்பர் 31 அன்று கூட்டாட்சி நீதிபதி மைக்கேல் ஷிப் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அடுத்த மே மாதம் 32.5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு ஊராட்சி சமரசத்துக்கு வந்தது. அளவு இருந்தால் மட்டும் போதாது, விண்ணப்பம் வருவதற்கு முன்பே அது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதை இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோபுர உயரம் பற்றிய சண்டைகள் இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வெளிச்சம் தருகின்றன. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெல்மான்ட் ஊரில் மார்மன் திருச்சபை எழுப்பிய ஆலயம் 2000-இல் கோபுரமே இல்லாமல் திறக்கப்பட்டது. தரையிலிருந்து 139 அடி உயரும் கோபுரத்துக்கு ஊர்க் குழு அனுமதி தந்திருந்தும், அண்டைவீட்டார் வழக்காடி அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த மதத்துக்குக் கோபுரம் இன்றியமையாதது அன்று என்று கீழ் நீதிமன்றம் கண்டது. மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2001-இல் அதைத் திருத்தியது: ஒரு மதத்துக்கு எது தேவை, எது தேவையில்லை என்று சொல்வது நீதிபதியின் வேலை அன்று. உயரத்தைப் பற்றிப் பேசலாம், உயரம் ஏன் வேண்டும் என்று இறையியல் பேசக் கூடாது. டெக்சாஸின் ஃபேர்வியூ ஊரில் இதே திருச்சபை 173 அடிக்கும் மேலான கோபுரம் கேட்டது. அங்கே குடியிருப்புப் பகுதியின் வரம்பு 35 அடி. 2024-இல் ஊர் மன்றம் மறுத்தது. பிறகு நடுவர் முன் உட்கார்ந்து பேசினார்கள். கோபுரம் 120 அடியாகக் குறைந்தது. 2025 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. 120 அடியும் அதிகம் என்று வருந்தும் குடும்பங்கள் அங்கே உண்டு, அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. வானம் எல்லோருக்கும் பொது. ஆனால் ஆட்சேபணை அடியில் சொல்லப்பட்டதால் அடியில் இறங்கி வர முடிந்தது. யூபா சிட்டிச் சங்கத்தால் எந்த எண்ணைக் குறைத்திருக்க முடியும்?

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, இது மதத்துக்குத் தரும் தனிச்சலுகை என்பது. நூலகமும் நடன அரங்கும் அடங்கிப் போகும் விதிக்கு ஆலயம் மட்டும் ஏன் அடங்க வேண்டாம்? நான் கேட்பது விலக்கு அன்று. பெர்னார்ட்ஸ் ஊரில் எழுதியிருந்த மூன்றுக்கு ஒன்று என்ற விதிக்கு அடங்கத்தான் அந்தச் சங்கம் வந்தது. விதிக்கு அடங்கியும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளை விசாரணையில் தொலைத்தவர்கள் சலுகை பெற்றவர்கள் ஆக மாட்டார்கள். எழுதிய அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருந்துவிட்டால் நூலகமும் அதே பயனை அடையும்.

இரண்டாவது மறுப்பு வரி. வரி கட்டாத கட்டடம் ஊரின் வருவாயைத் தின்கிறது என்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் இந்த வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுபோன ஓர் ஊரும் உண்டு. கலிபோர்னியாவின் சைப்ரஸ் நகரில் காட்டன்வுட் கிறிஸ்தவ மையம் சுமார் 18 ஏக்கர் வாங்கி, 4,700-க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு ஆராதனை மண்டபம் கட்ட முனைந்தது. நகரம் அந்த நிலத்தையே கட்டாயமாகக் கையகப்படுத்தி, காஸ்ட்கோ போன்ற பெரும் சில்லறைக் கடைக்குத் தர முற்பட்டது. 2002-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தடுத்தது. வரி வருவாய் போதுமான காரணம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால் பூங்காவும் பள்ளியும் அரசு மருத்துவமனையும்கூட அந்தக் காரணத்தின் முன் நிற்காது.

மூன்றாவது மறுப்பு என்னை உண்மையிலேயே தயங்க வைக்கிறது. கொலராடோவின் போல்டர் மாவட்டம், ஊர்களுக்கு இடையே விளைநிலத்தையும் வெற்றிடத்தையும் காப்பதை 1970-களிலிருந்தே எழுதிவைத்த கொள்கையாகக் கொண்டது. அதற்காகப் பொதுப்பணம் செலவழித்து நிலம் வாங்கி வைத்திருக்கிறது. நைவாட் அருகே, வேளாண் மண்டலத்தில் இருந்த ராக்கி மவுண்டன் கிறிஸ்தவ ஆலயம் தன் கட்டடப் பரப்பை இருமடங்குக்கும் மேலாக்க 2004-இல் விண்ணப்பித்தது. மாவட்டம் 2006-இல் பெரும்பகுதியை மறுத்தது. 2008-இல் ஜூரியும் 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆலயத்தின் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றம் 2011-இல் வழக்கை எடுக்க மறுத்தது. விளைநிலம் கரைவதைப் பார்த்து மனம் பதறும் யாருக்கும் இந்த முடிவு கசக்கும். மாவட்டத்திடம் முன்கூட்டி எழுதிய திட்டம் இருந்தது, அளவும் இருந்தது. நான் கேட்பதெல்லாம் அங்கே இருந்தும் அது ஏன் தோற்றது? அதே மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு விரிவாக்க அனுமதி தரப்பட்டிருந்தது. அலெக்சாண்டர் டாசன் பள்ளி; அதுவும் கிராமப்புறத்திலேயே இருந்தது. பள்ளிக்கு நெகிழ்ந்த திட்டம் ஆலயத்துக்கு மட்டும் இறுகியது என்று ஜூரி கண்டது. பள்ளியும் ஆலயமும் எல்லா வகையிலும் ஒன்றல்ல என்ற மாவட்டத்தின் வாதத்தில் எனக்குக் கொஞ்சம் ஒப்புதல் உண்டு. ஆனால் விளைநிலத்தைக் காக்கும் கொள்கை வலுவிழந்தது அந்தப் பள்ளிக்குச் சலுகை கொடுத்த நாளில்தான். பசுமை வெளியை நேசிக்கிற திட்டக் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும்: முதல் விதிவிலக்கை யாருக்குக் கொடுக்கிறோமோ, அதன் விலையை வேறொருவர் கோரிக்கையில் செலுத்த வேண்டிவரும்.

தமிழ்நாட்டு வாசகர் இந்த இடத்தில் நம் விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிக் கட்டட விதிகளின்படி, பொது வழிபாட்டுக்காகக் கட்டடம் எழுப்பும் மனைக்கு மாவட்ட ஆட்சியரின் முன்அனுமதி வேண்டியிருந்தது. பொது அமைதிக்கும் ஒழுங்குக்கும் பங்கம் வரும் என்று அவர் கருதினால் மறுக்க முடிந்தது. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்ற வேறுபாடு விதியில் இருக்கவில்லை. வீட்டை ஜெபக்கூடமாக்கிய சபைகள் இந்த விதியை முன்னிட்டுப் பலமுறை சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறியிருக்கின்றன. கலவரம் கண்ட ஊர்கள் இங்கே உண்டு. ஆட்சியர் கையில் ஒரு தடுப்பு இருக்க வேண்டும் என்பதில் பொருள் இருக்கிறது. பொது இடத்தை ஆக்கிரமித்து வழிபாட்டிடம் எழுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் இட்ட உத்தரவும் இதிலிருந்து வேறானது, தேவையானது. ஆனால் பட்டா நிலத்தில், வடிகாலும் வழியும் சரியாக வைத்துக் கேட்கும் ஒரு சபைக்கு, அக்கம்பக்கத்தார் கோபப்படுவார்கள் என்பதே மறுப்புக்கான காரணமாக முடியுமென்றால், அந்தக் கோபத்தை எந்த அலகால் அளப்பது? அமெரிக்க ஊர்களில் ஆட்களைப் பற்றிய கேள்வி நிலத்தைப் பற்றிய கேள்விக்குள் ஒளிந்து வருகிறது. இங்கே அது கட்டட விதியிலேயே எழுதப்பட்டிருந்தது. எதிர்ப்பவர் எவ்வளவு உரக்கக் கத்துகிறாரோ அவ்வளவுக்கு மறுப்பு வலுக்கும் என்றால், கத்துவதற்கு நாமே ஊக்கம் கொடுக்கிறோம். பொது அமைதி என்ற காரணத்தை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதையும் அளவுக்குள் கொண்டுவர முடியும்: எந்தச் சம்பவத்தை வைத்து இந்த அச்சம், காவல்துறை இதற்கு எவ்வளவு பாதுகாப்பு தர முடியும், ஒலிபெருக்கிக்கும் நேரத்துக்கும் எந்த வரம்பு விதித்தால் அச்சம் குறையும் என்பதை ஆணையிலேயே எழுத்தில் தர வேண்டும். தர முடியாத மறுப்பு நிற்கக் கூடாது.

2000-ஆம் ஆண்டுச் சட்டம் பிறக்கக் காரணமான வழக்கை இதுவரை சொல்லவில்லை. டெக்சாஸில் சான் அன்டோனியோவுக்கு வடமேற்கே உள்ள போர்னி என்ற சிற்றூரில், புனித பேதுரு கத்தோலிக்க ஆலயம் 1923-இல் எழுந்தது. பழைய ஸ்பானிய மிஷன் பாணியில் கட்டிய அதில் சுமார் 230 பேர் அமரலாம். பங்கு வளர்ந்தது. ஞாயிறு திருப்பலிகள் சிலவற்றில் 40 முதல் 60 பேர் வரை இடம் கிடைக்காமல் போனது. பேராயர் விரிவாக்க அனுமதி தந்தார். ஆனால் ஊரின் மையப்பகுதி வரலாற்றுப் பாரம்பரிய வட்டாரமாகிவிட்டதால் நகரம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1997 ஜூன் 25 அன்று, 6-க்கு 3 என்ற தீர்ப்பில், பேராயர் நம்பியிருந்த 1993-ஆம் ஆண்டின் மதச் சுதந்திர மீட்புச் சட்டம் மாநிலங்களையும் ஊர்களையும் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது. நகரம் வென்றது. அந்த ஆண்டே நகரமும் ஆலயமும் உட்கார்ந்து ஒரு வரைபடத்தில் உடன்பட்டன. பழைய ஆலயத்தில் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே நிற்கும். அதை ஒட்டி 750 பேர் அமரும் புதிய கூடம் எழும். எதைக் காக்க வேண்டும், எவ்வளவு இடம் வேண்டும் என்ற இரண்டு எண்களும் 1993-இல் முதல் விண்ணப்பம் கொடுத்த அன்றே மேசையில் இருந்திருக்கக் கூடியவை.